பதினொன்றேகால் வண்டி

2019ஆம் ஆண்டு பங்குனி இருபத்தொன்று, வியாழக்கிழமையிலிருந்து, அர்த்தநாரியின் வெள்ளைக் கார் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதெல்லாம், அவருடைய பனியன் கம்பெனியில் தைக்கிற துணிகளில் நான்கு தையலுக்கு ஒரு தையல் காணாமல் போயிற்று. கார் கம்பெனி போர்டிகோவில் நின்றாலும் சரி, பல்லடத்தில் சிக்னலுக்கு நின்றாலும் சரி, நடப்பது ஒன்றுதான். மூன்று விழும், நான்காவது விழாது. கார் வேகமெடுத்துவிட்டால் தையலும் ஒழுங்காக விழுந்தது. அந்த வாரம் நூல் விலை கிலோவுக்கு ஏழு ரூபாய் ஏறியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தொண்ணூற்று மூன்றாம் வருடத்து பெட்ரோல் வண்டி. மங்கலத்தில் எட்டு தறி ஓட்டிக்கொண்டிருந்த அர்த்தநாரி, முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்த மாதத்தில் வாங்கியது. அதற்குப் பிறகு தொட்டதெல்லாம் துலங்கியதால் அது ராசியான வண்டி என்று முடிவாகிவிட்டது. பின்னாளில் பெரிய பெரிய கார்கள் வந்தன. இருந்தாலும் ஆர்டரில் கையெழுத்துப் போடவும், நிலம் பார்க்கவும், மகன் தனபாலுக்குப் பெண் கேட்கவும் இதில்தான் போனார். எழவு வீட்டுக்கு இதை எடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கும் எடுத்ததில்லை, சொந்த மனைவிக்கு மாரடைப்பு வந்தபோதுகூட வாடகைக் கார்தான் பிடித்தார். சீட்டுகளுக்கு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும், வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். இதையெல்லாம் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். திருப்பூரில் சிரிக்க மாட்டார்கள், ஆளாளுக்கு வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது.

அந்த வண்டியின் பானெட்டுக்குள் சென்னியப்பன் கையைத் தவிர வேறு கை போனதில்லை. மங்கலம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக். காதாலேயே கோளாறு கண்டுபிடிப்பவர் என்று பேர். அவர் மனைவி வேலாத்தாள் அர்த்தநாரியின் கம்பெனியிலேயே பத்தொன்பது வருடமாகத் துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். இருவர் பிறந்த குடும்பமும் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவை, பனியன் வந்த பிறகு ஒருவர் ஸ்பேனரையும் ஒருவர் மெஷினையும் பிடித்து மேலே வந்தவை. முதலாளி புண்ணியத்தில் வந்தோம் என்று சென்னியப்பன் வாய்க்கு வாய் சொல்வார். வேலாத்தாள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்காரர்கள் மூன்று பேர், தொழிலாளர் பாதுகாப்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனிக்கு வந்திருந்தார்கள். ஆடிட் முடிந்ததும் அவர்களை ராசி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விருந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்காக சென்னியப்பன் போர்டிகோவில் பானெட்டைத் திறந்து வைத்து நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று ஐடிலிங் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே முன்வரிசை மெஷின்களுக்கு மட்டும், ஊசி தெறித்தால் கண்ணைக் காக்கும் கண்மறைப்பு புதிதாக மாட்டியிருந்தார்கள், ஆடிட்காரர்கள் பார்ப்பது முன்வரிசையைத்தானே. வேலாத்தாள் பின்னால் மூன்றாம் லைனில் இருந்தாள். மணி பதினொன்றேகாலுக்கு அவள் மெஷினில் ஊசி உடைந்து, முனை தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் ஒரு நடைமுறை உண்டு. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள், லைன் ஓடும். எங்கேயோ ஒரு குழந்தை போடப்போகும் சட்டையில் முனை தங்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்த நடைமுறை. நல்லதுதான். அன்று மூன்றாம் லைனில் முப்பது பேரும் தரையில் குனிந்து முனையைத் தேடினார்கள். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வேலாத்தாளும் குனிந்து தேடினாள், பத்தொன்பது வருடப் பழக்கம். பக்கத்து மெஷினில் இருந்த தேனிக்காரி ஒச்சாயிதான் அவள் விரலிடுக்கில் ரத்தம் இறங்குவதைப் பார்த்து எழுப்பி நிறுத்தினாள். இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை.

அர்த்தநாரி வந்து பார்த்தார். ஆடிட்காரர்கள் கண்ணில் படாமல் வேலாத்தாளைப் பின்பக்கம் கட்டிங் வேஸ்ட் குடோனில் உட்கார வைக்கச் சொன்னார். செய்தி கேட்டு சென்னியப்பன் கை எண்ணெயோடு ஓடிவந்து, "ஏனுங்க மொதலாளி, வண்டியக் குடுத்தீங்கன்னா கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போயிர்றனுங்க" என்றார். அர்த்தநாரி சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் கொடுமையையும் மரியாதையாகத்தான் செய்வார்கள். "அந்த வண்டில ரத்தம் பட்டா ராசி போயிருமப்பா. ஆம்புலன்ஸ் வந்தா கேட்டுல பாத்துருவாங்க. ஆடிட்காரங்க போகட்டும், சித்தே பொறு" என்றார். சென்னியப்பன் "செரிங்க" என்றார். இருபத்தாறு வருடமாக அந்த மனிதருக்கு அவர் சொல்லிவந்த பதில் அது ஒன்றுதான். ஆடிட்காரர்கள் போனபோது மணி ஒன்றேகால். பிறகு டெலிவரி வேனில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் வேலாத்தாளைக் கொண்டுபோனார்கள். கோயமுத்தூரில் டாக்டர், மதியத்துக்கு முன்னால் வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். கண் கிழிந்திருந்தது, ஆனால் உள்ளே ஊசி முனை இல்லை.

ஆடிட்காரர்களையும் அன்று ராசி வண்டியில் ஏற்ற முடியவில்லை. பதினொன்றேகாலிலிருந்தே அதன் இன்ஜின் நின்ற இடத்தில் குலுங்கத் தொடங்கியிருந்தது. மூன்று அடி அடிக்கும், ஒன்றை விழுங்கும். தனபால்தான் சங்கடத்தோடு வேறு கார் வரவழைத்தான்.

ஒன்பதாம் நாள் டிரைவர் வண்டியை சென்னியப்பன் ஒர்க்‌ஷாப்பில் விட்டுப்போனான். பொண்டாட்டி கண்ணில் கட்டுப் போட்டுக் கிடக்கும்போது இதை அனுப்புகிறாரே என்று சென்னியப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கை தன் வேலையைப் பார்த்தது. இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதல் மூன்றில் எதைப் பிடுங்கினாலும் தடுமாற்றம் கூடியது; நான்காவதைப் பிடுங்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. ஆக நான்காவது சிலிண்டர் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது. பிளக் மாற்றினார், ஒயர் மாற்றினார், பாயின்ட் இடைவெளி பார்த்தார், கார்புரேட்டரைப் பிரித்து பெட்ரோலில் கழுவினார், எங்காவது காற்று இழுக்கிறதா என்று இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. பிரஷர் கேஜ் வைத்தபோது மூன்று சிலிண்டர்களில் நூற்று முப்பது காட்டியது, நான்காவதில் நாற்பது. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயிலுக்குப் பிரஷர் ஏறும். ஏறவில்லை. அப்படியானால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் வால்வு சரியாக மூடவில்லை.

ஹெட்டைக் கழற்றினார். நான்காவது சிலிண்டரில், வால்வுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவில், அரை அரிசி நீளத்தில் ஓவர்லாக் ஊசியின் முனை இருந்தது. அந்தச் சூட்டுக்கு அது உருகியிருக்க வேண்டும், நசுங்கியாவது போயிருக்க வேண்டும். அன்று காலை டப்பாவிலிருந்து எடுத்ததுபோல் மின்னியது. இடுக்கியைக் கிட்டே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அழுகை வரும் என்று நினைத்தார், வந்தது சிரிப்பு. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை அளவாக முறுக்கி மூடினார். டிரைவரிடம், "வால்வுல கோளாறுங்க. நம்மால ஆவாதுங்க, வேற எடத்துல பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக 'செரிங்க' அல்லாத ஒரு பதில். அன்று சோறு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

கம்பெனியில் இதே நேரம் வேறொரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மெஷின் மெக்கானிக் ஜெயபாண்டி ஊசி மாற்றினான், லூப்பர் மாற்றினான், நூல் இழுவையைத் தளர்த்தினான், முறுக்கினான், நூல் லாட்டையே திருப்பியனுப்பினான். நான்காவது தையல் விழவில்லை. கடைசியில் ஒச்சாயிதான் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தபோது, வெளியே கார் விழுங்கும் அடியும் தன் மெஷின் விடும் தையலும் ஒரே தாளத்தில் வருவதைக் கவனித்துச் சொன்னாள். ஜெயபாண்டி ஓடிப்போய் காரை அணைக்கச் சொன்னான், தையல் நேராயிற்று. ஓடவிடச் சொன்னான், விட்டுப்போயிற்று. ஏழு தடவை சோதித்தார்கள். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த தனபால் எட்டாவது தடவை நம்பினான்.

அதன்பிறகு அர்த்தநாரி செய்யாத வேலை இல்லை. கோயமுத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஐந்து மெக்கானிக்குகள் வந்து ஹெட்டைக் கழற்றினார்கள். ஐந்து பேருக்கும் வால்வு சுத்தமாகத்தான் தெரிந்தது. தேய்த்துப் பார்த்தார்கள், புது வால்வு போட்டார்கள், இன்ஜினையே மாற்றினார்கள். நான்காவது அடி புது இன்ஜினிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியே வேண்டாம் என்று ஷெட்டில் பூட்டினார். தினமும் பதினொன்றேகாலுக்கு அது சாவியில்லாமல் தானே கிளம்பி, ஒன்றேகால் வரை நின்ற இடத்தில் குலுங்கியது. பாட்டரியை எடுத்துவிட்டார், பெட்ரோலைக் காலி செய்தார். அது அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த இரண்டு மணி நேரம் கம்பெனியை நிறுத்திப் பார்த்தார். ஏற்கெனவே தைத்துப் பெட்டியில் அடுக்கிய பீஸ்களில் தையல் கழன்றது. வண்டியைக் கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக்குப் போட்டார். அவர்கள் பிரித்து நான்கு கடைகளுக்கு விற்றார்கள். நான்கு கடையிலும் பாகங்கள் பதினொன்றேகாலுக்கு ஆடி, பக்கத்து அலமாரிச் சாமான்களைத் தள்ளிவிட்டதால், பதினைந்தே நாளில் கடைக்காரர்களே சேர்ந்து பாகங்களை மறுபடி வண்டியாகப் பூட்டி, லாரியில் ஏற்றி, போர்டிகோவில் இறக்கிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனார்கள். ஊரடங்கு வந்து திருப்பூர் முழுக்க மெஷின் நின்ற மாதங்களில் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தார். அப்போது அவர் உடம்பில் இருந்த பனியன், சொந்தக் கம்பெனிச் சரக்கு, சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே ஓரம் பிரிந்து மடியில் விழுந்தது. அன்றிலிருந்து மனிதர் வேட்டியும் துண்டுமாக, தையலே இல்லாத துணியில்தான் இருந்தார்.

கன்டெய்னர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. பதினோரு லைன் ஓடிய கம்பெனி எட்டாயிற்று, ஆறாயிற்று. ஒவ்வொரு லைன் நிற்கும்போதும் சென்னியப்பனுக்கு யாராவது வந்து சொல்வார்கள், அவர் வந்தவருக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுப்பார். பதினொன்றேகால் ஆனால் கம்ப்ரஸரை அணைத்துவிட்டு நிற்பார். கம்பெனி நான்கு கிலோமீட்டர் தள்ளி. நடுவில் பஸ்ஸும் லாரியும் நூறு நிட்டிங் மெஷினும் ஓடின. ஆனாலும் அவருக்குக் கேட்டது. மூன்று அடி, ஒரு விழுங்கல். அந்தக் கம்பெனியின் ஷட்டர் முழுசாக இறங்குவதைப் பார்க்காமல் சாகக்கூடாது என்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை, அதை அவர் மறைக்கவும் இல்லை. அதுவரை நல்ல மனுஷன் என்று பேரெடுத்தவர்தான்.

வேலம்பாளையத்தில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில், வேலாத்தாள் ஒற்றைக் கண்ணோடு, வீட்டுக்கு வந்த பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் சென்னியப்பன் வந்து, இன்றைக்கு எத்தனை பெட்டி திரும்பியது, எந்த பையர் கைவிட்டான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அவளுக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறோம் என்று அவருக்கு ஒரு பெருமை. அவள் சரி என்றும் சொல்ல மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். அவர் உட்கார்வதற்கு முக்காலியை எடுத்துத் தன் இடதுபக்கமாகப் போடுவாள். அந்தப் பக்கம் அவளுக்குப் பார்வை கிடையாது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட முக்காலி வலதுபக்கம் வந்ததில்லை. காதாலேயே கோளாறு கண்டுபிடிக்கிற மனிதர் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

2025 தை மாதம் ஒச்சாயி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். மூன்று லைன்தான் மிச்சம். "அண்ணே, மொதலாளிக்குப் பல்லடத்துல கோழிப்பண்ண இருக்கு, தோட்டம் இருக்கு. அவுக பட்டினி கெடக்க மாட்டாக. நாங்கதேன் கெடக்கணும். ஒங்களுக்கு அந்த வண்டியப் பத்தி என்னமோ தெரியும்னு ஊரே பேசுது. எங்களுக்காகப் பாருங்கண்ணே" என்றாள். சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் மூணு லைனுதானுங்க" என்றார். ஒச்சாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்த வியாழக்கிழமை தன் முந்தானையைக் கிழித்து வேலாத்தாள் கண்ணுக்கு வைத்துக் கட்டியவள் அவள். நேராக வேலம்பாளையம் போய் வேலாத்தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. ஒச்சாயி போகும்போது முகம் தெளிந்திருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள்.

சித்திரையில் அர்த்தநாரியே வந்தார். வேட்டி, துண்டு, காலில் செருப்புகூட இல்லை. செருப்பிலும் தையல் இருக்கிறதே என்று பயம். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, "சென்னியப்பா, நீ என்ன கேட்டாலும் தர்றேன்" என்றார். தோட்டத்தில் பாதி எழுதித் தருவதாகவும் சொன்னார். இந்த நாளுக்காக சென்னியப்பன் ஆறு வருடமாகப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தார். வந்தது ஒரே வாக்கியம். "எங்கூட்டுக்கு வந்து, தெருவே பாக்கோணும், வேலாத்தா கால்ல உளுகோணுமுங்க." அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டு, "செரிங்க" என்றார்.  அந்த ஒரு சொல்லைத் தான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம், அது கேட்கும் இடத்தில் இவ்வளவு இனிக்குமா என்று சென்னியப்பன் நினைத்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு லைன் வீட்டுத் தெரு நிரம்பிவிட்டது. அர்த்தநாரி தானே ஓட்டிய வெள்ளைக் கார் வந்து நின்றது, குலுங்கிக்கொண்டே நின்றது. கம்பெனியில் மூன்று லைனிலும் தையல் விட்டுப்போயிற்று. அர்த்தநாரி இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்ற வேலாத்தாளின் முன்னால் முட்டி மடக்கினார். அவள் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எந்திரிங்க. கால்ல உளுந்து எனக்கென்னங்க ஆகப்போகுது. பதினொன்னேகால் ஆகுது, வண்டிய எடுங்க. அன்னிக்குக் கொண்டுக்கிட்டுப் போக வேண்டிய எடத்துக்கு இன்னிக்குக் கொண்டுக்கிட்டுப் போங்க" என்றாள். தலை வாரி, வெளுத்த சேலை கட்டி, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்த மஞ்சள் பையோடு அவள் முன்னமே தயாராக இருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

பின்கதவை அர்த்தநாரி திறந்தார். வேலாத்தாள் ஏறி வெள்ளைத் துண்டின்மேல் உட்கார்ந்தாள். சென்னியப்பன் வெற்றியோடு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நீங்களும் ஏறுங்க." அவர், "நானெதுக்கு, நீ போயிட்டு வா" என்றார். வேலாத்தாள் முகத்தை முழுக்கத் திருப்பி, நல்ல கண்ணால் அவரைப் பார்த்தாள். "அன்னிக்கு இந்த வண்டி ஓடிக்கிட்டுத்தானுங்க இருந்துச்சு. சாவி அதுலதான் இருந்துச்சு. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. அவரு பொறுன்னாரு, நீங்க செரின்னீங்க. குடோன்ல ரெண்டு மணி நேரம் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தனுங்க. இப்ப வந்துருவீங்க, இப்ப வந்துருவீங்கன்னு."  ஆறு வருடமாகத் தான் நடத்திவந்த பழியில் தன் பேரும் இருக்கிறது என்பது சென்னியப்பனுக்கு அப்போது தெரிந்தது. அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் கதவைச் சாத்தியதும் இன்ஜின் குலுக்கம் நின்று, நான்கு அடியும் வரிசையாக விழுந்தன. கம்பெனியில் ஒச்சாயி மெஷினை ஒரு நிமிடம் நிறுத்தி, துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டினாள்.

கோயமுத்தூர் போனார்கள். டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்து, ஆறு வருடம் கழித்து என்னம்மா செய்வது என்றார். வேலாத்தாள், அது தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தாள். மூவரும் திரும்பினார்கள். அன்று கம்பெனியில் ஒரு பீஸ்கூடக் கழிவாகப் போகவில்லை. கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தநாரி கோயிலில் தேங்காய் உடைத்தார். அடுத்த நாள் பதினொன்றேகாலுக்குக் கார் தானே கிளம்பி, மூன்று அடித்து ஒன்றை விழுங்கியது.

சென்னியப்பன் பதறிப்போய் கம்பெனி போர்டிகோவுக்கு வந்தார். இப்போது ஊசி முனையை எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கே அவசரம். ஹெட்டைக் கழற்றினார். நான்காவது வால்வு சுத்தமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார், காந்தம் வைத்துத் தடவினார், நாள் முழுக்க நின்று விரல் நுனியால் தேடினார். தனக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது இனித் தனக்கும் தெரியாது என்று புரிந்தபோது, அந்த மனிதர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். மறுநாள் ஹெட்டை மாட்டி, பானெட்டை மூடிவிட்டு, இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதே வண்டியில் வேலம்பாளையம் போனபோது, வேலாத்தாள் மஞ்சள் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.  பின்கதவைத் திறக்கும்வரை காத்திருந்தாள்.

அதிலிருந்து இதுதான் நடைமுறை. தினமும் பதினொன்றேகாலுக்கு அர்த்தநாரி அந்தத் தெருவில் நின்றாக வேண்டும். டிரைவரை அனுப்பிப் பார்த்தார்கள், தனபால் ஓட்டிப் பார்த்தான், இன்ஜின் ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கும் லீவு இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கும் இல்லை. பேரன் காதுகுத்தன்று அர்த்தநாரி கறிவிருந்துக்கு இருக்கவில்லை. போன ஐப்பசியில் நூற்றிரண்டு காய்ச்சலோடு ஓட்டினார். சென்னியப்பன் ஒர்க்‌ஷாப்பில் பதினொன்றிலிருந்து மூன்று வரை வேலை கிடையாது என்று போர்டு தொங்குகிறது. அவிநாசி ரோட்டில் டோல்கேட்காரர்களுக்கு வண்டி பழகிவிட்டது, கண்ணாஸ்பத்திரி வாட்ச்மேன் நிழலில் ஒரு இடம் விட்டுவைக்கிறார். டாக்டரை யாரும் பார்ப்பதில்லை. வேலாத்தாள் இறங்கி, டீ குடித்து, ஏறிக்கொள்வாள். கம்பெனியில் இப்போது ஒன்பது லைன் ஓடுகிறது, எல்லா மெஷினுக்கும் கண்மறைப்பு உண்டு. சென்ற மாதம் புதிதாக வந்த ஆடிட்காரப் பெண், புரொடக்‌ஷன் போர்டில் டீ டைமுக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் நடுவே '11.15 – வேலாத்தா' என்று எழுதியிருப்பது என்ன என்று கேட்டாள். ஒச்சாயி இப்போது லைன் சூப்பர்வைசர். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, குறை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

வண்டியில் பேச்சு இருப்பதில்லை. ஒரே ஒரு தடவை, போன மார்கழியில், கருமத்தம்பட்டி தாண்டும்போது அர்த்தநாரி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "இன்னும் எத்தன நாளைக்குங்க, வேலாத்தா?" என்று கேட்டார். பத்தொன்பது வருடம் அவரிடம் வேலை பார்த்தவளை அவர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் சென்னியப்பனும் பதிலுக்குக் காத்திருந்தார், கேள்வி அவருடையதும்தானே.

"எனக்கு எத்தன நாளைக்கு ஒத்தக் கண்ணோ, அத்தன நாளைக்குங்க" என்றாள் வேலாத்தாள்.

அர்த்தநாரி தலையசைத்துக் கியர் மாற்றினார். நீலாம்பூரில் கூட்டம் அதிகமில்லாததால் அன்று பத்து நிமிடம் முன்னதாகவே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.